ஒப்பந்தம் எட்டாத முகத்துவாரம்

2023 டிசம்பரில் எண்ணூர் இரண்டு முறை அடிபட்டது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. மணலியில் வெள்ளம் ஏறியபோது, சென்னை பெட்ரோலியக் கழகத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. அங்கிருந்து கொசஸ்தலை ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு, பிறகு கடலுக்கு. எண்ணெய் படர்ந்த பரப்பைச் சுமார் 20 சதுர கிலோமீட்டர் என்று கடலோரக் காவல்படை மதிப்பிட்டது. அலையாத்திச் செடிகளின் தண்டில், வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாகக் கரையில் ஒதுங்கின. வாளியும் பீப்பாயுமாக ஆற்றில் இறங்கி எண்ணெயை அள்ளியவர்கள், அந்த ஆற்றில் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள்தாம்.

அந்தக் கறை காயவில்லை. 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக் கரையில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மூச்சு முட்டிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். காரணத்தை ஆராய அரசு அமைத்த குழு, புயலின்போது குழாயின் மேல் அடுக்கியிருந்த பாறாங்கற்கள் நகர்ந்து குழாய் சேதமடைந்திருக்கலாம் என்றது.

ஒரு புயல், இரண்டு ஆலை விபத்துகள். எந்த ஒரு புயலையும் காட்டி ‘இது காலநிலை மாற்றம் அனுப்பியது’ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சூடேறிய கடலின் மேல் உருவாகும் புயல் கூடுதல் மழையைச் சுமந்து வரும் என்பதில் அறிவியலுக்குச் சந்தேகமில்லை. நம் நிர்வாகமோ மழையைப் பேரிடர் மேலாண்மைக்கும், கசிவை மாசுக் கட்டுப்பாட்டுக்கும், கரியமில வாயுவைக் காலநிலைத் துறைக்கும் எனத் தனித்தனிக் கோப்புகளில் பிரித்து வைத்திருக்கிறது. வடசென்னையில் இந்த மூன்றும் ஒரே ஆற்றில் கலந்து ஓடுகின்றன. அதனால்தான் காலநிலை ஆளுகை என்று உலகம் பேசும் விஷயத்தை ஜெனிவாவிலோ பாரிஸிலோ தேடுவதைவிட இங்கே தேடுவது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

1992இல் ரியோவில் கையெழுத்தான காலநிலைச் சட்டகம், 1997இன் கியோட்டோ நெறிமுறை, 2015இன் பாரிஸ் உடன்படிக்கை எல்லாமே நாடுகளோடு பேசுபவை. அவற்றின் கணக்கில் இந்தியா ஒற்றை வரி. 2070இல் நிகர பூஜ்ய உமிழ்வு என்பது அந்த வரியின் வாக்குறுதி. அந்த வரிக்குள் எந்தப் புகைபோக்கி யார் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை எந்த ஒப்பந்தமும் தீர்மானிப்பதில்லை. அது இசைவாணையிலும், வரைபடத்திலும், டெண்டரிலும் முடிவாகிறது.

இதை முன்கூட்டியே கண்டவர்களில் ஒருவர் எலினார் ஆஸ்ட்ரம். காடு, பாசனக் கால்வாய், மீன்பிடி நீர் போன்ற பொதுச் சொத்துகளை அவற்றைப் பயன்படுத்தும் மக்களே விதி வகுத்து நீண்ட காலம் காத்துவர முடியும் என்று நிறுவியதற்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர். அதே ஆண்டு உலக வங்கிக்காக எழுதிய ஆய்வறிக்கையில், உலக ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்காமல் நகரம், மாநிலம், ஊர் எனப் பல மையங்களில் ஒரே சமயத்தில் வேலை தொடங்க வேண்டும் என்று வாதிட்டார். இன்று உலகெங்கும் அது நடக்கிறது. நீதிமன்றங்களும் ஒரு மையமாகிவிட்டன. 2024இல் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், வனுவாட்டு என்ற சிறு தீவு நாடு முன்னின்று எழுப்பிய கேள்விக்கு, காலநிலையைக் காக்கும் கடமை ஒப்பந்தங்களில் மட்டுமல்லாமல் வழக்காற்றுச் சர்வதேசச் சட்டத்திலும் இருக்கிறது என்று கருத்துரைத்தது.

தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. காலநிலைப் பணிகளுக்கென்றே தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் இருக்கிறது. 2022இல் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழு அமைந்தது. மாவட்டம்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை இயக்கம் வந்தது. 2070க்கு முன்பே நிகர பூஜ்யம் என்பது மாநிலத்தின் இலக்கு. சென்னை மாநகராட்சி, சி40 நகரங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து தனக்கெனக் காலநிலைச் செயல்திட்டம் வகுத்தது. அதன் இலக்கு 2050. கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. அரசு, நகரம், வங்கி, நீதிமன்றம் என ஆஸ்ட்ரம் சொன்ன பல மையங்கள் அத்தனையும் இங்கே இருக்கின்றன.

எண்ணூரின் காயம் அப்படியும் ஆறவில்லை. காரணம் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் எல்லைக்கோட்டைப் பார்ப்போம். கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. மாநகராட்சியின் வடக்கு எல்லை கொசஸ்தலை முகத்துவாரத்தோடு நின்றுவிடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு. அங்கேதான் வடசென்னை அனல்மின் நிலையம் நிற்கிறது. முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். சற்றுத் தள்ளி வல்லூரில், தேசிய அனல்மின் கழகமும் மாநில மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம். இவை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. சென்னையின் வீடுகள் எரிக்கும் மின்சாரம் நகரத்தின் உமிழ்வுக் கணக்கில் ஏறும். ஆனால் அந்த மின்சாரத்தைத் தரும் கொதிகலனை மூடவோ குறைக்கவோ மாநகராட்சிக்கு ஒரு துளி அதிகாரமும் இல்லை. இக்கரையில் தாழங்குப்பத்தில் சாம்பல் விழுகிறது, அக்கரையில் கொதிகலன் எரிகிறது. நடுவில் ஓடும் ஆறு இரண்டு மாவட்டங்களின் எல்லை.

மாநில அரசாவது இரு கரைகளையும் சேர்த்து ஆள்கிறது. காலநிலை இயக்கம் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆவதற்குள், 2024 மார்ச்சில், அதே வடசென்னை நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் நிலக்கரி அலகு திறந்துவைக்கப்பட்டது. ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்குச் சுமார் 0.9 கிலோ கரியமில வாயு என்று வைத்து, ஆண்டின் முக்கால் பங்கு நேரம் ஓடுகிறது என்று கொண்டால், இந்த ஓர் அலகிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 45 லட்சம் டன்னுக்கு மேல் வரும். அலகின் ஆயுள் முப்பது ஆண்டுக்குக் குறையாது. காற்றாலையில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. மின் தேவை வளர்கிறது, கோடைக்கால இரவுகளில் காற்றாலையையும் சூரிய ஒளியையும் மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற மின்வாரியப் பொறியாளர்களின் கவலையை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்த மேசையில் காலநிலை ஆட்சிமன்றக் குழுவுக்கு என்ன இடம் இருந்தது? மின் உற்பத்தி முடிவு ஒரு துறையிலும் காலநிலை இலக்கு வேறொரு துறையிலும் எழுதப்பட்டால், இரண்டாவது எழுத்துக்கு முதலாவதைத் தடுக்கும் வலு இருக்காது.

நிலக்கரி எண்ணூருக்கு வந்து சேர்ந்த கதையும் ஓர் ஆளுகைக் கதைதான். முன்பு நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்டன. ராயபுரமும் பாரிமுனையும் கரித்தூளில் மூச்சுவிட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2011 மே மாதம், அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து தூசி கிளப்பும் இந்தச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகம் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. ராயபுரத்து மக்களுக்கு அது உண்மையான ஆறுதல், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிலக்கரி நிற்கவில்லை, எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. நகரத்தின் நடுவில் தாங்க முடியாததாகத் தீர்மானிக்கப்பட்ட தூசி, நகரத்தின் ஓரத்தில் தாங்கக் கூடியதாகிவிட்டது. ஒரு மையம் நன்றாக வேலை செய்து, அதன் சுமையை இன்னொரு மையத்தின் தலையில் இறக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கரைக்கு அது பழைய வழக்கமும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பியபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையைக் கடலுக்குக் கொடுத்தன. கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். ஒவ்வொரு வளைவும் அரிப்பைச் சற்று வடக்கே தள்ளியது. கடல்மட்டம் உயரப்போகும் இந்த நூற்றாண்டை, மணலை ஏற்கெனவே இழந்த ஒரு கரை எதிர்கொள்கிறது.

இப்போது வரைபடம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளைச் செயல்படுத்துவதற்காக என்று தன் முகப்புரையிலேயே சொல்லிக்கொள்வது 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1991இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதற்கேற்ப 1996இல் ஒப்புதல் பெற்ற திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகமும் அதன் நீர்ப்பரப்பும் கட்டுமானம் கூடாத பகுதி. சர்வதேச மாநாட்டின் சொல் இப்படிச் சட்டமாகி, அறிவிக்கையாகி, ஒரு தாளில் நீல நிறமாகக் கொசஸ்தலைக்கு வந்து சேர்ந்தது. பிற்பாடு, 2009ஆம் ஆண்டைக் குறிக்கும் இன்னொரு வரைபடம் அலுவலகங்களில் புழங்கத் தொடங்கியது. அதில் கழிமுகத்தைக் காணோம். 6,469 ஏக்கர் நீர்நிலை தாளிலிருந்து மறைந்திருந்தது. 2017இல் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, தான் ஒப்புதல் தந்தது 1996ஆம் ஆண்டு வரைபடத்துக்கு மட்டுமே என்பது ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பதில்.

வெள்ளம் வரும்போது ஈரநிலம் நீரைத் தாங்கி மெல்ல விடும். கொசஸ்தலை வடிநிலத்தின் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த நிலத்தை நிரப்பினால் வெள்ளம் மணலியிலும் எர்ணாவூரிலும்தான் நிற்கும். எனவே வெளிநாட்டுக் கடனில் வடிகால் கட்டுவதும், அதே வடிநிலத்தின் வாயில் நிலம் நிரப்ப அனுமதிப்பதும் ஒரே அரசின் இரு கைகள் எதிரெதிராகச் செய்யும் வேலை. இதைக் கண்டுபிடித்தவர்கள் காலநிலை நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். மீனவ ஊர்களும், அவர்களோடு நின்ற தன்னார்வலர்களும், சட்டம் தெரிந்த சிலரும்தான்.

இந்த மக்களுக்கு ஆளுகை புதிதல்ல. எண்ணூருக்கு வடக்கே, அதே பக்கிங்காம் கால்வாய் தொடும் பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. ஏரியின் வாய்க்கு அருகே இறால் அதிகம் கிடைக்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். எந்த ஊருக்கு எந்த நாள், அந்த ஊருக்குள் எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம், எந்த வலை என்பதெல்லாம் முறை வைத்துச் சுழலும். இன்று வளமான இடம் கிடைத்தவர் அடுத்த முறை வேறிடத்துக்கு நகர்வார். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும். ஆஸ்ட்ரம் உலகம் சுற்றித் தேடிய ஏற்பாடு இதுதான். ஆனால் இதை அப்பழுக்கற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. பாடு உரிமை பட்டினவர் சமூகத்தின் சில ஊர்களிடம் குவிந்திருந்தது. பிற சாதியினரும் பிற்பாடு மீன்பிடிக்கு வந்த ஊர்களும் வெளியே நிறுத்தப்பட்டு, அதனால் சண்டைகளும் நடந்தன. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடும் இருளர்களுக்கு அந்த ஏற்பாட்டில் குரல் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கும் இடமில்லை. மீனைத் தலையில் சுமந்து விற்று வீட்டைக் காப்பவர்களோ பெண்கள்.

எண்ணூர் ஆற்றில் பங்கு போட ஏதாவது மிஞ்ச வேண்டுமே என்பதே இப்போதைய கவலை. வடசென்னை நிலையத்தின் சாம்பல், தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பப்படுகிறது. குழாய் அங்கங்கே உடையும். சாம்பல் ஆற்றில் இறங்கும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல் இருப்பது சாதாரணம் என்பதால் அளவு சிறியதல்ல. ஆற்றுப் படுகையில் காலை வைத்தால் களிமண்ணுக்கு மேலே சிமெண்ட் போல இறுகிய சாம்பல் தட்டுப்படும் இடங்கள் உண்டு. இறால் புதைந்து வாழ மெல்லிய சேறு வேண்டும், சாம்பல் தரையில் அது தங்காது. காட்டுக்குப்பம் மீனவர்கள் தரப்பு 2016இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. சாந்தா ஷீலா நாயர் தலைமையிலான நிபுணர் குழு ஆய்வு செய்தது. 2022 ஜூலையில், சாம்பலை அகற்றி ஈரநிலத்தை மீட்க உத்தரவு வந்தது. வழக்குக்கும் தீர்ப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளும் கொதிகலன்கள் எரிந்தன, குழாய்கள் ஓடின.

சாம்பலோடு புதிதாக வந்து சேர்ந்த விருந்தாளி ஒன்று உண்டு. மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களின் வெப்பக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி. கொத்துக்கொத்தாக, நார் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, ஆற்றின் அடியைக் கறுப்புப் பாயாக மூடுகிறது. பாய்க்குக் கீழே சேறு மூச்சு முட்டிக் கிடக்கும். இறாலுக்கு இடமில்லை, கையால் தடவுபவர்களின் விரலை ஓடு கிழிக்கும். இப்படிப்பட்ட உயிரினங்கள் கடல் கடந்து வருவதற்கு முக்கிய வழி, கப்பல்கள் நிலைநீராக ஏற்றி இறக்கும் கடல்நீர். அதைக் கட்டுப்படுத்த 2004இல் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டு 2017இல் நடைமுறைக்கும் வந்தது. உடன்படிக்கை இருக்கிறது, துறைமுகங்கள் இருக்கின்றன, சிப்பியும் இருக்கிறது. அதை முதலில் பார்த்து, எங்கெல்லாம் பரவுகிறது என்று சொன்னவர்கள் ஆற்றில் இறங்குபவர்கள்தாம்.

எனவே பல மையங்கள் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது. மையங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தால்தான் அவை ஆளுகை. இல்லையென்றால் பொறுப்பு நழுவிப்போக அத்தனை வாசல்கள். டிசம்பர் 2023 எண்ணெயையே எடுத்துக்கொள்ளலாம். ஆலை வளாகத்துக்குள் இருக்கும்வரை அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விஷயம், கால்வாயில் இறங்கினால் நீர்வளத் துறை, கடலைத் தொட்டால் கடலோரக் காவல்படை, வலையில் ஒட்டினால் மீன்வளத் துறை, நிவாரணம் என்றால் வருவாய்த் துறை. கசிவு தன் குழாய்களிலிருந்து அல்ல என்ற தோரணையில் ஆலைத் தரப்பு முதலில் பேசியது. வளாகத்திலிருந்து வந்ததுதான் என்றது வாரியம். தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து எல்லாரையும் ஒரே அறைக்குள் அழைத்த பிறகே வேலை வேகம் பிடித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அதை நிர்ணயித்தபோது, ஒரு முகத்துவாரக் குடும்பம் ஐப்பசி கார்த்திகையில் எவ்வளவு சம்பாதிக்கும் என்று யாராவது அந்த ஊரில் கேட்டிருந்தால் தொகை வேறாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

எண்ணூரை மீட்க என்ன வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. மாநிலத்தின் நிகர பூஜ்ய இலக்கு, ஒவ்வொரு கொதிகலனின் இசைவாணையிலும் அது மூடப்படும் ஆண்டாக எழுதப்பட வேண்டும். 1970இல் ஓடத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது, நகரம் இருண்டுவிடவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் எந்தத் தொட்டி காலியாக வேண்டும், எந்தக் குழாயில் ஓட்டம் நிற்க வேண்டும் என்பது ஆலைக்குள் மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக் கூடாது. ஆற்றங்கரை ஊர்களிடம் தமிழில் எழுதிய தாளாக அது இருக்க வேண்டும். சென்னையின் காலநிலைச் செயல்திட்ட வரைவு 2022இல் ஆங்கிலத்தில் வந்தபோது, தமிழில் கொடுங்கள் என்று மக்கள் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமலே வந்திருக்க வேண்டிய தாள் அது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சாம்பல் குழாயும் எண்ணெய்க் குழாயும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் சோதிக்கப்படும்போது, சோதனை அறிக்கையில் மீனவ ஊர்களின் கையொப்பம் சட்டப்படி தேவை என்று ஆக வேண்டும். அந்தக் கையொப்பம் ஆண் தலைவர்களுடையதாக மட்டும் இருந்தால் பழைய பாடு முறையின் குறை புதிய வடிவில் தொடரும். இறால் தடவும் இருளரும் மீன் விற்கும் பெண்களும் அதில் இருக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் என்பவர்கள் காட்டுப்பள்ளியைப் பார்க்கலாம். அங்குள்ள துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேல் விரிவாக்கும் அதானி குழுமத்தின் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மீண்டும் அறிவிக்கப்பட்டு, மீண்டும் தள்ளிப்போனது. கொசஸ்தலை ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் அந்த மெல்லிய மணல் திட்டு இன்றளவும் முழுதாகக் கரையாமல் இருப்பதில், பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ள ஊர்கள் பேருந்தும் படகும் பிடித்து வந்து சொன்ன மறுப்புக்குப் பங்கு இருக்கிறது. அமோனியா கசிவுக்குப் பிறகு பெரியகுப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தன. தீர்ப்பாயம் 2024 மே மாதம் அந்த நிறுவனத்துக்கு 5.92 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை விதித்தது. ஆலை அந்த ஆண்டே மறுபடி திறந்தது. முழு வெற்றி இல்லை. ஆனால் தடுக்கும் வலு எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது.

அந்த வலுவுக்கு அடுத்த சோதனை எர்ணாவூரில் நடந்துகொண்டிருக்கிறது. மூடப்பட்ட பழைய நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் புதிய நிலக்கரி அலகு கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இந்த அலகு எழும்பினால் அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்ல, மாநகராட்சி எல்லைக்குள்ளேயே, 2050 இலக்கை எழுதிவைத்த நகரத்துக்குள்ளேயே நிற்கும். அதற்குச் சென்னை மாநகராட்சி மன்றம் என்ன சொல்கிறது என்பதை, அந்த வட்டத்து உறுப்பினர்களிடம் வாக்காளர்கள் நேரில் கேட்கலாம்.